கழுத்தை நெரிக்காதடா பேராண்டி!

வாடா ராசா, உக்காரு. கிடார் வாங்கிட்டியாம்ல! பெருமாள்மலையில இருந்து மூஞ்சிக்கல் வரைக்கும் அதே பேச்சுதான். உறை புதுசு, தோள்வார் புதுசு, கேப்போ ரெண்டு, பிக்கு ஒரு டப்பா. கோக்கர்ஸ் வாக்குல மேகத்தைப் பின்னால நிறுத்தி எடுத்த போட்டோவை உங்க அத்தை காட்டுனா. கண்ணை மூடிக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு, அடேயப்பா! போட்டோவுல சத்தம் வராது பாரு, அதான் அவ்வளவு அழகா வந்திருக்கு.

நேத்து ராத்திரி சத்தத்தையும் கேட்டுட்டேன். பீன்ஸ் காட்டுக்குள்ள காட்டுமாடு இறங்கிருச்சுன்னு டார்ச்சைத் தூக்கிட்டு ஓடுனேன். காட்டுல ஒண்ணும் இல்ல. நீ எஃப் கார்டு பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கே. தினம் வாசிப்பா, நல்லா வாசி. இந்த வருஷம் வேலிச் செலவு மிச்சம்.

பூண்டு நடுற கெழவனுக்குக் கிடாரைப் பத்தி என்ன தெரியும்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. இந்த மலைக்குக் கிடார் நேத்து வரல அப்பு. அமெரிக்க மிஷனரிமார் அவங்க பிள்ளைகளுக்காக 1901லயே ஏரிப் பக்கத்துல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அந்தப் பிள்ளைக கிடாரை முதுகுல போட்டுக்கிட்டு ஏரியைச் சுத்துறதை நீ பொறக்குறதுக்கு முன்னாடியே பார்த்தவன் நான். மீசை முளைச்ச வயசுல மாதா கோயில் கொயர்ல உக்காந்து, கிறிஸ்துமஸ் ரவுண்ட்ஸ்ல வீடு வீடா ஏறி இறங்கி வாசிச்சவன். குளிர்ல பல்லு கிட்டிக்கும். பாட்டு நிக்கக் கூடாது. அப்பக் கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.

இந்த மலையை விட்டு இறங்கித் தேனி ஜில்லாவுக்குள்ள போனா பண்ணைப்புரம். அங்க இருந்து மெட்ராஸ் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டர்கிட்டப் பாடம் கேட்டாரு, சினிமா இசைக்குழுவுல கிடார் வாசிச்சாரு, ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்தாரு. அதுக்கு அப்புறம்தான் 1976ல ‘அன்னக்கிளி’. நீ போன மாசம் கிடார் வாங்கி, இந்த மாசம் யூடியூப் சேனல் ஆரம்பிச்சுட்டே. அவருக்கு உன் அளவுக்குத் தைரியம் இல்ல போல.

சரி, விஷயத்துக்கு வருவோம். உன் வலது கையில பெரிய குத்தம் இல்ல. அது பாட்டுக்கு மேலயும் கீழயும் போயிட்டு வருது. கோளாறு பூராவும் இடது கையில. ‘இடது கை சோம்பேறி, வேலை செய்ய மாட்டேங்குது’ன்னு உங்க ஆத்தாகிட்ட சொன்னியாமே? அது சோம்பேறியா இருந்தா நான் கும்பிட்டிருப்பேன். கிடாரைத் தூக்குது, கழுத்தை நெரிக்குது, கம்பியை மரத்துக்குள்ளயே இறக்கப் பாக்குது. மூணுமே அதுக்கு விதிக்காத வேலை. மூணையும் பிடுங்கிட்டா மிச்சம் இருக்குறதுதான் வாசிப்பு.

மொத பாடம் நகவெட்டி. வலது கையில நகம் இருந்துட்டுப் போகட்டும். விரலால மீட்டுறவங்க வேணும்னே வளக்குறாங்க. இடது கையில நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா விரல் கம்பி மேல நேரா நிக்காது, படுத்துக்கும். படுத்த விரல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஊமையாக்கும். ‘என் கிடார்ல ஏன் சத்தம் வரல’ன்னு விடிய விடிய வீடியோ பாக்குறியே, அந்த நேரத்துக்கு உங்க அப்பன் ஷேவிங் பெட்டியில நகவெட்டி சும்மாதான் கிடக்கு.

ரெண்டாவது, இடது கையைச் சுமைகூலி வேலையில இருந்து எடு. கிடார் உன் தொடையில உக்காரணும், நெஞ்சுல சாயணும், வலது முழங்கை பாரத்துல நிக்கணும். தலைப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கணும். கிளாசிக்கல் வாசிக்கிறவங்க இடது காலுக்கு அடியில சின்னப் பலகை போட்டுக்கிறது அதுக்குத்தான். நம்ம வீட்டுல அரிவாமணைப் பலகை இருக்கு, ஆத்தா பாக்காத நேரத்துல எடுத்துக்கோ. இப்ப இடது கையை முழுசா எடுத்துப் பாரு. கிடார் அப்படியே நின்னா பாஸ். தலை தொங்குச்சுன்னா, இவ்வளவு நாளா நீ சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன்னு அர்த்தம். சுமக்குற கை எப்படிறா ஓடும்?

மூணாவது கட்டை விரல். உன் கட்டை விரலு கழுத்துக்கு மேல ஏறி, அந்தப் பக்கம் எட்டி யாரு வர்றான்னு பாக்குது. அதைப் பின்னால இறக்கு. கழுத்தோட முதுகுல, நடு மட்டத்துல, ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் எதிர்ல லேசா ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும். உள்ளங்கை கழுத்துல படக் கூடாது. இடையில காத்து போகணும். இது இந்தக் கெழவன் கண்டுபிடிச்சது இல்ல. ஸ்பெயின்காரரு ஃபெர்னாண்டோ சோர், 1830ல பாரிஸ்ல கிடார் பாடப் புஸ்தகம் போட்டப்பவே கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால வைக்கத்தான் சொன்னாரு.

உடனே வாயைத் திறப்பே: ‘ஹெண்ட்ரிக்ஸ் கட்டை விரலை மேல போட்டுத்தான தாத்தா வாசிச்சாரு?’ ஆமாப்பா, போட்டாரு. அந்தக் கட்டை விரலாலயே பேஸ் கம்பியையும் பிடிச்சாரு. ஆனா அவரு இடதுகைக்காரரு. கம்பி பிடிச்சது வலது கையில. ஹெண்ட்ரிக்ஸை உதாரணம் காட்டுறதுன்னா, மொதல்ல எந்தக் கையின்னு முடிவு பண்ணிட்டு வா.

கட்டை விரல் அழுத்தாம எப்படிப் பிடிக்கிறதுன்னு சந்தேகமா? அஞ்சாவது கட்டத்துல ஒரு கம்பியைப் பிடி. இப்பக் கட்டை விரலைக் கழுத்துல இருந்து ஒரு நூல் அகலம் எடுத்துரு. முழங்கையை மெதுவாப் பின்னால இழு. கையோட பாரமே விரலைக் கம்பியில உக்கார வைக்கும். சத்தம் வருதா? இப்பச் சொல்லு, இத்தனை நாளா அந்தக் கட்டை விரல் எதுக்கு அந்த நெரி நெரிச்சுச்சு?

அடுத்தது, எங்க அழுத்துறது, எவ்வளவு அழுத்துறது. இதுல மூணு வித்தை இருக்கு, மூணையும் ராத்திரி பாட்டி தூங்குனப்புறம் பண்ணலாம், அவ்வளவு மெதுவான வித்தை. விரலைக் கட்டத்து நடுவுல வைக்காதே. ஃப்ரெட்டுக் கம்பிக்கு ஒட்டுனாப்புல, அதுக்குக் கொஞ்சம் பின்னால வை. வீணையில மெட்டுக்கு மெட்டு விரல் எங்க நிக்குதுன்னு கவனிச்சுப் பாரு, புரியும். ஃப்ரெட்டை விட்டு விலக விலக அதே சத்தத்துக்குக் கூடப் பலம் வேணும்.

அப்புறம் விரலைச் சும்மா கம்பி மேல தொட்டு வச்சுக்கிட்டு மீட்டு. ‘டப்’புன்னு செத்த சத்தம் வரும். மீட்டிக்கிட்டே துளித்துளியா அழுத்து. டப்பு போயி ‘கிர்ர்’ருனு இரையும். இன்னும் துளி. இரைச்சல் போயி சுத்தமா ஒரு சுரம் நிக்கும். அங்க நிறுத்து! அவ்வளவுதான் விலை. அதுக்கு மேல நீ குடுக்குறது பூராவும் தானம். தானம் புண்ணியம்னு நினைக்காதே. ரொம்ப அமுக்குனா கம்பி இழுபட்டு சுரமே கொஞ்சம் மேல ஏறிரும். ட்யூனர்ல எல்லாப் பச்சையும் எரிஞ்சும், கார்டு பிடிச்சா மட்டும் ஏன் சுதி சேர மாட்டேங்குதுன்னு கடைக்காரனைத் திட்டுனியே, அவன் பாவம்.

மூணாவது வித்தை விரலோட வளைவு. மூணு கணுவும் வளைஞ்சு, நுனி மட்டும் கம்பியில இறங்கணும். 1982ல வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து ‘இளைய நிலா’வைத்தான மொதல்ல வாசிக்கணும்னு துடிக்கிறே? கிடார் வாங்குன எல்லாப் பயலும் அதுக்குத்தான் துடிப்பான். அதுல கார்டை மொத்தமா அடிக்கிறது இல்ல. ஒவ்வொரு கம்பியா உதிர்ந்து விழணும், விழுந்த சுரம் அடுத்தது வர்ற வரைக்கும் நிக்கணும். உன் விரல் படுத்துக்கிட்டு பக்கத்துக் கம்பியைத் தொட்டுச்சுன்னா, நிலா வரும், பாதி பௌர்ணமி காணாமப் போயிரும். வலது கை எவ்வளவு ஒழுங்கா உதிர்த்தாலும், இடது கை விட்டாத்தான் அது காதுக்கு வரும்.

இப்ப நாலு விரலையும் வேலைக்கு எடுப்போம். ஆள்காட்டிக்கு ஒண்ணு, நடு விரலுக்கு ரெண்டு, மோதிர விரலுக்கு மூணு, சுண்டு விரலுக்கு நாலு. ஆளுக்கு ஒரு கட்டம். மொத நாளே மொதக் கட்டத்துல ஆரம்பிச்சு விரலைக் கிழிச்சுக்காதே. 650 மில்லிமீட்டர் நீளக் கம்பி போட்ட கிடார்ல மொதக் கட்டம் 36 மில்லிமீட்டர் அகலம். அஞ்சாவது கட்டம் 29தான். பன்னெண்டாவது கட்டம் 19. அதனால அஞ்சாவதுல ஆரம்பி: அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. கை பழகப் பழக ஒவ்வொரு கட்டமாக் கீழ இறங்கு.

மேல ஏறுறப்ப, வச்ச விரலை எடுக்காதே. ஒண்ணு இருக்கட்டும், ரெண்டு வரட்டும், மூணு வரட்டும், கடைசியா நாலு. இறங்குறப்ப ஒவ்வொண்ணா எடு. எடுத்த விரல் எங்க போகுதுன்னு பாரு. உன் சுண்டு விரல் இருக்கே, அது ஒவ்வொரு தடவையும் டாட்டா காட்டிட்டுத் திரும்பி வருது. எங்கயும் ஊருக்குப் போகல, அரை அங்குலம் மேல போய் நின்னாப் போதும்னு அதுக்குச் சொல்லு. மெட்ரோனோமை 60ல வை. ஒரு தட்டுக்கு ஒரு சுரம். ‘இவ்வளவு மெதுவாவா?’ன்னு கேக்காதே. மெதுவா வாசிச்சா ஒவ்வொரு தப்பும் தனித்தனியாத் தெரியும். அதனாலதான் ஒருத்தனுக்கும் மெதுவா வாசிக்கப் பிடிக்கிறது இல்ல.

கார்டு மாத்துறதுக்கு வருவோம். நீ சி-யில இருந்து ஏ மைனருக்குப் போறதைப் பார்த்தேன். நாலு விரலையும் ஒட்டுமொத்தமா ஆகாயத்துக்குத் தூக்கி, அங்க ஒரு மாநாடு கூட்டி, தீர்மானம் போட்டு, ஒவ்வொருத்தரா இறங்கி வர்றாங்க. அதுக்குள்ள பாட்டு பல்லவியை முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருச்சு. கொஞ்சம் உத்துப் பாரு. சி-யில ஆள்காட்டி ரெண்டாம் கம்பி மொதக் கட்டம், நடு விரல் நாலாம் கம்பி ரெண்டாம் கட்டம். ஏ மைனர்லயும் அந்த ரெண்டும் அதே இடம்தான்! மோதிர விரல் ஒண்ணு மட்டும் அஞ்சாம் கம்பியை விட்டு மூணாம் கம்பிக்கு வரணும். ஒருத்தன் வீடு மாறுறதுக்கு ஊரே ஏன்டா சட்டி பானையைத் தூக்குது?

ஏ மைனர்ல இருந்து ஈ-க்கு? விரல் அமைப்பு மாறவே மாறாது, அப்படியே ஒரு கம்பி மேல தள்ளு. நாலு விரல் வச்சுப் பிடிக்கிற ஜி-யில இருந்து டி-க்கு? ரெண்டாம் கம்பி மூணாம் கட்டத்துல மோதிர விரல் நிக்குதுல்ல, அது நின்ன இடத்துல நிக்கட்டும். மத்தவங்க அதைச் சுத்தி வரட்டும். ரெண்டு கார்டுக்கும் நடுவுல எந்த விரல் அசையத் தேவையில்லைன்னு மொதல்ல தேடு. அசையாத விரல்தான் மத்த விரலுக்கு வழி காட்டும்.

இன்னொண்ணு. வத்தலக்குண்டுல இருந்து மலை ஏறுற பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கியா? கொண்டை ஊசி வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் அவரு கியரைத் தேட மாட்டாரு. வளைவு வர்றதுக்கு முன்னாலயே கியர் இறங்கியிருக்கும், கண்ணு அடுத்த வளைவுல இருக்கும். நீயும் கார்டு மாறுற தட்டுக்கு ஒரு தட்டு முன்னாலயே அடுத்த கார்டை மனசுல பிடிச்சிரு. தட்டு விழுந்தப்புறம் யோசிச்சா பள்ளத்துலதான் போயி நிக்கணும். இன்னொரு விஷயம், வளைவுல அவரு பஸ்ஸை நிறுத்தவும் மாட்டாரு. விரல் இன்னும் போய்ச் சேரலைன்னாலும் வலது கை தாளத்தை விடக் கூடாது. ரெண்டு கம்பி சும்மா அடிச்சாலும் அடிக்கட்டும்.

இனி எஃப். கிடார் கத்துக்கிட்டவன்ல பாதிப் பேரு இந்த எழுத்துலதான் கிடாரைப் பரண்ல ஏத்துனான். ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கணும்னு எவனோ சொல்லிட்டான், நீயும் மூச்சைப் பிடிச்சு அமுக்குறே. எண்ணிப் பாருடா. மூணாம் கம்பியை நடு விரல் பிடிச்சிருச்சு. அஞ்சாம் கம்பியை மோதிர விரல், நாலாம் கம்பியைச் சுண்டு விரல். ஆள்காட்டிக்கு மிச்சம் என்ன? ஆறு, ரெண்டு, ஒண்ணு. ஆறுல மூணுதான்! நடுவுல இருக்குற மூணையும் அது அழுத்துனாலும் ஒண்ணுதான், அழுத்தாட்டியும் ஒண்ணுதான். மத்தவன் சம்பளம் வாங்குற வேலைக்கு இவன் ஏன் வேர்க்கணும்?

அந்த ஆள்காட்டியையும் பஞ்சு மாதிரி சதைப் பக்கமா வைக்காதே. தலைப்பக்கமாக் கொஞ்சம் உருட்டி, ஓர எலும்பு கம்பியில படுறாப்புல வை. முழங்கையை விலாப்பக்கம் கொண்டுவா. பலத்தைக் கட்டை விரல்ல தேடாம, கையோட பாரத்துல எடு. இதையும் மொதக் கட்டத்துல ஆரம்பிக்காதே. தலைப்பக்கத்துல இருக்குற நட்டுக்குப் பக்கத்துல கம்பி விறைப்பு அதிகம். அஞ்சாவது கட்டத்துல இதே அமைப்பு ஏ கார்டு. அங்க பழகிட்டு, நாலு, மூணு, ரெண்டுன்னு இறங்கி வா. எஃப் வாசல்ல நிக்குறப்ப அது உன்னைத் தெரிஞ்சவன்னு உள்ள விட்டுரும்.

வழுக்கிப் போறதுல ஆசை உனக்கு. ஸ்லைடு, ஹேமர் ஆன், புல் ஆஃப், எல்லாம் வாயில நல்லா வருது. ஹேமர் ஆன்னா விரல் பக்கத்துல இருந்து சட்டுனு விழணும். ஓங்கி அடிக்கிறதுல ஒண்ணும் இல்ல, வேகத்துலதான் சத்தம். புல் ஆஃப்ல விரலை நேரா மேல தூக்குனா ஊமைதான். தூக்குறப்பவே தரைப் பக்கமா ஒரு சின்னச் சுண்டு. இடம் விட்டு இடம் போறப்ப, மொதல்ல அழுத்தத்தை விடு, அப்புறம் நகரு, போய்ச் சேர்ந்து அழுத்து. கட்டை விரலையும் கூட்டிக்கிட்டுப் போ. அழுத்திக்கிட்டே இழுத்தா, சுத்துக்கம்பி ‘கீச்’சுனு கத்தும், கேக்குறவன் நீ எலியை மிதிச்சுட்டேன்னு நினைப்பான்.

அந்த வழுக்கலை ஒழுங்காப் பழகுனா நம்ம கமகமே வரும். பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் வயலினை வாங்கி நம்ம பாட்டுக்குப் பழக்குனாரு. இன்னைக்கு அது இல்லாம கச்சேரியே இல்ல. அதே மாதிரி கிடார்லயே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறாரு பிரசன்னா. கம்பியை வழுக்கியும் வளைச்சும் கமகம் எடுக்கிறதைக் கேட்டுப் பாரு. வீணை வாசிக்கிறவங்க இடது கை விரல்ல எண்ணெய் தொட்டுக்குவாங்க, விரல் ஓடணும்னு. அதைக் கேட்டுட்டு நீ கிடார்ல தேங்காயெண்ணெயைக் கவுத்திராதே.

நம்ம மலைக்குன்னு ரெண்டு புத்தி சொல்லணும். ஐப்பசி, கார்த்திகை மழையில மூடுபனி வீட்டுக்குள்ள வந்து பாய் விரிச்சுப் படுத்துக்கும். மரம் ஈரம் குடிச்சு உப்பும், பாலம் எழும்பும், கம்பி ஃப்ரெட்டை விட்டு உசந்துக்கும். அப்பக் கை கடினமாத் தோணுனா அது உன் குத்தம் இல்ல. வருஷத்துல உனக்குக் கிடைக்கிற ஒரே சாக்கு அது, பத்திரமா வச்சுக்கோ. வாசிச்சு முடிச்சதும் கம்பியைத் துணியால துடை, துரு ஏறாது. மார்கழி, தை குளிர்ல விரல் விறைச்சுக் கிடக்குறப்ப வேகமா வாசிக்கக் கிளம்பாதே. வெந்நீர்ல கையை நனைச்சுத் துடைச்சுட்டு, மெதுவா ஆரம்பி. உன் கையைக் கணப்புக்குப் பக்கத்துல காட்டலாம், கிடாரைக் காட்டாதே, காஞ்சு வெடிச்சுரும்.

வலி? விரல் நுனி எரிஞ்சா நல்லது, சில வாரத்துல காய்ப்பு ஏறி அடங்கிரும். மணிக்கட்டோ, கட்டை விரல் அடியிலயோ வலிச்சா உடனே நிறுத்து. அது உழைப்போட வலி இல்ல, நெரிச்சதோட வலி. ஒரே மூச்சுல மூணு மணி நேரம் ஞாயித்துக்கிழமை உருட்டுறதை விட, தினம் கால் மணி நேரம் போதும். அஞ்சு நிமிஷம் ஒண்ணு-ரெண்டு-மூணு-நாலு, அஞ்சு நிமிஷம் ரெண்டே ரெண்டு கார்டு மாத்துறது, அஞ்சு நிமிஷம் உனக்குப் பிடிச்ச பாட்டு. போன் பக்கத்து ரூம்ல.

‘என் விரல் குட்டை தாத்தா’ன்னு மட்டும் என்கிட்ட வராதே. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுன்னு ஒருத்தரு. 1928ல அவரு வண்டிவீடு தீப்பிடிச்சு, இடது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் பழையபடி வேலை செய்யாமப் போச்சு. மிச்சம் இருந்த ரெண்டு விரலை வச்சே வேகவேகமாத் தனி வாசிப்பு வாசிச்சு, 1934ல பாரிஸ்ல தொடங்குன ஜாஸ் குழுவுல உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சாரு. உனக்கு நாலு விரல் இருக்கு, மேற்கொண்டு ரெண்டு கேப்போ வேற.

எப்ப மேடை ஏறலாம்னுதான கடைசியாக் கேக்கப் போறே? ஒரு பரீட்சை வைக்கிறேன். நீ பாட்டு நடுவுல இருக்குறப்ப, சொல்லாமக் கொள்ளாம வந்து உன் இடது மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்குவேன். கை மட்டும் லேசா எழும்பி வந்துச்சுன்னா, போ, வட்டக்கானல் கேம்ப் ஃபயர் என்ன, வத்தலக்குண்டு திருவிழாவுலயே ஏறு, மொத வரிசையில நான் உக்காந்திருப்பேன். கையோட சேர்ந்து கிடாரும் கிளம்பி வந்துச்சுன்னா, நீ வாசிக்கலடா, தொங்கிக்கிட்டு இருக்கே. இறங்கி, மறுபடியும் அஞ்சாவது கட்டத்துக்கு வா.